பீலிக்கு மூடி தேவையா? வாளிக் கணக்கு பார்த்த பிறகு சொல்கிறேன்

கையுறை மாட்டிக்கொண்டு கூரை ஓரப் பீலிக்குள் கை விட்டேன். மேலே காய்ந்த இலை ஒரு விரற்கடை இருந்தது. அதை விலக்கினால் நரம்பு மட்டும் மிஞ்சிய பாதி மக்கிய இலை. அதற்கும் கீழே கூரையிலிருந்து உதிர்ந்த மணலும் தூசியும் மக்கலும் சேர்ந்து பிசைந்து வைத்தது போல ஒரு கறுப்புக் களி. அந்தக் களியில் ஒரு செடி முளைத்து நின்றது. மெல்லப் பிடித்து இழுத்தேன். வெளியே இரண்டே இலைதான், ஆனால் வேர் ஒரு சாண் நீளத்துக்கு இறங்கு குழாயின் வாய்க்குள் போயிருந்தது. மூலையில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடித்து இறக்கும் இந்தப் பாத்திக்கு ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பீலி, தூம்பு, கட்டர். நான் பீலி என்றே எழுதுகிறேன். அதன் மேல் இலை விழாமல் போடும் வலைக்கும் மூடிக்கும் கடையில் கட்டர் கார்ட் என்று பெயர். அதை வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆனது. ஒரு முறை தவறாக வாங்கினேன், ஒரு முறை வாங்காமல் தப்பித்தேன், ஒரு முறை கையை உடைத்துக்கொண்டேன். அவ்வளவு நாள் உங்களுக்கு ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இத்தனைக்கும் நான் அன்று ஏணியில் ஏறியது பீலியைப் பார்க்க இல்லை. படுக்கையறைச் சுவரின் மேல் மூலையில் பெயின்ட் குமிழ் விட்டு உப்பியிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, கூரை வேலை தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "தம்பி, கூரை நல்லா இருக்கு. பீலிதான் நிரம்பிப் பின்பக்கமா வழியுது" என்றார். அவர் சொல்லும்வரை பீலி முன்பக்கம் வழிவதும் பின்பக்கம் வழிவதும் வேறுவேறு விஷயம் என்று எனக்குத் தெரியாது. முன்பக்கம் வழிந்தால் தண்ணீர் தரையில் கொட்டும், மண் அரிக்கும், நம் கண்ணில் படும். பின்பக்கம் வழிந்தால் பீலியைத் தாங்கி நிற்கும் ஓரப்பலகை ஊறும், அதன் வழியாகச் சுவர் ஊறும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எங்கள் பலகையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார், முனை அரை அங்குலம் சாதாரணமாக உள்ளே இறங்கியது.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். எங்கள் கூரையின் ஒரு பக்கம் 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஆக 60 சதுர மீட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் ஒரு பலத்த மழை பிடித்தால், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் மணிக்கு 3,600 லிட்டர். அதாவது வினாடிக்கு ஒரு லிட்டர். அத்தனையும் கையகலப் பாத்தி ஒன்றில் விழுந்து, ஒற்றைக் குழாய் வழியாக இறங்க வேண்டும். குழாய் அடைத்திருந்தால் என்ன ஆகும்? 12 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம் உள்ள பீலி மீட்டருக்கு 12 லிட்டர் பிடிக்கும். 12 மீட்டர் நிரம்பினால் 144 கிலோ. ஊறிப்போன பலகையில் அடித்த திருகுகள் அந்த எடையைத் தாங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பீலியை அலட்சியமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, மூடி போட்டுவிடுவோம் என்று அவசரமாகக் கிளம்பினேன். கடையில் நின்று பார்த்ததும் பிடித்துப்போனது நுரைப் பஞ்சு வகை. முக்கோணமாக வெட்டிய நீளமான ஸ்பஞ்ச் துண்டுகள். பீலிக்குள் அப்படியே திணித்தால் போதும், திருகு வேண்டாம், துளை போட வேண்டாம். தண்ணீர் பஞ்சின் துளைகள் வழியாக இறங்கும், இலை மேலேயே நிற்கும், காய்ந்ததும் காற்றில் பறந்துவிடும் என்று உறையில் எழுதியிருந்தது. ஒரே மதியத்தில் இரண்டு பக்கமும் போட்டு முடித்தேன். முதல் சில மாதம் அருமையாக வேலை செய்தது. அக்கம்பக்கத்தில் நானே சிபாரிசும் செய்தேன், அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஒரு வருடம் ஆனது. இலை என்னவோ மேலேதான் நின்றது. ஆனால் கூரையிலிருந்து வரும் நுண்மணல், பூத்தூள், மக்கிய பொடி எல்லாம் பஞ்சின் துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. பஞ்சு எப்போதும் ஈரமாகவே இருந்தது. ஈரம், மண், நிழல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் விதைக்கு வேறென்ன வேண்டும்? வரிசையாக முளைத்துவிட்டன. வேர்கள் பஞ்சைத் துளைத்துப் பின்னிக்கொண்டதால் இழுத்தால் பஞ்சு துண்டுதுண்டாகக் கிழிந்து வந்தது. வெயில் பட்ட மேல்பக்கம் விரலால் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்தது. இலையை அள்ளுவது எவ்வளவோ சுலபம். அந்தப் பஞ்சை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது.

அந்த இரண்டாம் நாள்தான் விழுந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, கடைசி இரண்டு மீட்டர் மிச்சம். ஏணியை நகர்த்தி வைக்கச் சோம்பல்பட்டு, இருந்த இடத்திலிருந்தே வலதுபக்கம் எட்டினேன். ஏணியின் தலை பீலியின் விளிம்பிலேயே சாய்ந்திருந்தது. வழவழப்பான தகரம், அதுவும் ஈரம். ஏணி பக்கவாட்டில் சறுக்கியது. உயரம் மூன்று மீட்டர்கூட இருக்காது. மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. தலை கீழே படாதது பெரிய புண்ணியம். மகள் அழுதுகொண்டே, "அப்பா, இனிமே நீங்க ஏறவே கூடாது" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஏணியைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் பூட்டி வைத்துவிட்டாள்.

அந்த ஆறு வாரத்தில்தான் கேள்வியே மாறியது. அதுவரை "இலை உள்ளே போகாமல் எப்படித் தடுப்பது" என்றுதான் யோசித்திருந்தேன். உண்மையில் நான் கேட்டிருக்க வேண்டியது, இந்த வீட்டில் வருடத்துக்கு எத்தனை தடவை ஒருவர் ஏணியில் ஏற வேண்டியிருக்கிறது, அதை எத்தனையாகக் குறைக்கலாம் என்பது. மூடி போட்டாலும் கூரையில் இலை விழத்தான் போகிறது. மூடி அதை நிறுத்தாது, விழும் இடத்தையும் அதை அகற்றும் விதத்தையும்தான் மாற்றும். பீலிக்குள் கிடந்து மக்குவது மூடியின் மேல் கிடந்து காயும். நுண்தூள் எப்படியும் எங்கேயாவது போய்ப் படியும். "வாழ்நாள் முழுக்கச் சுத்தம் செய்யவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படிச் சொல்லிக்கொண்டு ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அவர் கொண்டுவந்தது வளைமூடி. பீலியை முழுவதும் மூடும் தகடு, முன்விளிம்பு மூக்கு போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், அதன் அடியில் ஒரு நீண்ட இடுக்கு. தண்ணீர் தகட்டின் பரப்பை ஒட்டிக்கொண்டே வளைவில் திரும்பி இடுக்குக்குள் போகும், இலை நேரே வழுக்கிக் கீழே விழும் என்பது ஏற்பாடு. ஒரு முழ நீள மாதிரித் துண்டில் ஜாடியால் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அழகாகவே உள்ளே போனது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் விலையில் பெரிய தள்ளுபடி, மறுநாள் கிடையாது என்றார்.

மறுநாள் கிடையாது என்ற அந்த வார்த்தைதான் என்னை நிறுத்தியது. வாரண்டித் தாளைக் கேட்டு வாங்கி அங்கேயே படித்தேன். பீலிக்குள் அடைப்பு வந்தால் பொறுப்பு என்று இருந்தது. தண்ணீர் மூடியைத் தாண்டிக் கொட்டினால் என்ன என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. மூடியின் மேல்பக்கத்தை வீட்டுக்காரர் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை வேறு. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

எங்கள் தெருவில் அதே வகை மூடி போட்ட வீடு ஒன்று இருந்தது. அடுத்த பெருமழைக்குக் குடையை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். ஜாடித் தண்ணீருக்கும் மழைக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்தது. சாதாரண மழை பெய்த வரைக்கும் தண்ணீர் சமர்த்தாக வளைந்து உள்ளே போனது. மழை வலுத்ததும், கூரையில் வேகம் எடுத்து வந்த தண்ணீர் வளைவில் திரும்பாமல் நேரே பாய்ந்தது. குறிப்பாக இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் மடிப்பில் அருவி மாதிரி கொட்டியது. வளைவின் மூக்கில் அழுக்கு படிந்து நீளநீளமாகக் கறுப்புக் கோடுகளும் இருந்தன. அந்த வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "இலை அள்ளுற வேலை நிஜமாவே குறைஞ்சிடுச்சு தம்பி. ஆனா பெரிய மழைன்னா வாசல்ல நடக்க முடியாது" என்றார். இரண்டுமே உண்மை. கூரைச் சரிவு மிதமாக, மடிப்பு இல்லாமல், பெரிய இலை விழும் வீடாக இருந்தால் அது நல்ல மூடியாகவே இருக்கலாம். எங்கள் கூரையில் மடிப்பு இருக்கிறது, எங்களுக்கு ஒத்துவராது.

யாராவது உங்களுக்கு ஒரு மூடியைக் காட்டினால் மாதிரித் துண்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதைப் போட்டு இரண்டு வருடம் ஆன ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள், மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு அவசரப்படவில்லை. ஒரு வருடம் மூடியே போடாமல், ஆள் வைத்துச் சுத்தம் செய்தேன். நான் கீழே நின்று ஒரே ஒரு வேலை பார்த்தேன்: எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை வாளி குப்பை இறங்குகிறது என்று எழுதி வைத்தேன். மொத்தம் நான்கு தடவை சுத்தம். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், மரத்தை ஒட்டிய பக்கத்தில் 19 வாளி. எதிர்ப்பக்கத்தில் இரண்டே வாளி, அதுவும் பெரும்பாலும் மணல்.

இவ்வளவு செலவழித்துக் கற்றதில் எனக்கு மிகவும் உதவியது இந்த வாளிக் கணக்குதான். விற்க வருபவர்கள் எல்லாரும் வீட்டைச் சுற்றி எத்தனை மீட்டர் என்று அளந்துதான் விலை சொல்வார்கள். குப்பை மீட்டர் பார்த்து விழுவதில்லை. எங்கள் வீட்டில் ஏறக்குறைய பாதி நீளத்துக்கு மூடியே தேவையில்லை என்று அந்த நோட்டைப் பார்த்ததும் தெரிந்தது. கணக்கு வைக்கும்போது என்ன விழுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உள்ளங்கை அகல இலையா, விரல்நக அளவு சிற்றிலையா, ஊசி போன்ற பைன் இலையா, பூத்தூளா, விதையா. மூடி வகையைத் தீர்மானிப்பது இதுதான்.

எங்கள் மரம் சிற்றிலை மரம். இலை உதிரும்போது காம்போடு சேர்ந்து பொலபொலவென்று கொட்டும், அப்புறம் பூ, அப்புறம் விதை. கூரைமேல் நீண்டிருந்த இரண்டு கிளைகளை முதலில் வெட்டிவிட்டேன். அதிலேயே கணிசமாகக் குறைந்தது. மூடி பற்றி யோசிக்கும் முன் எல்லாரும் செய்ய வேண்டியது இது. ஆனாலும் காற்றடித்தால் இலை வரத்தான் செய்யும்.

அடுத்து அந்தப் பெரியவரையே திரும்பக் கூப்பிட்டேன். அவர் மூடியைப் பற்றிப் பேசவே விடவில்லை. "மூடியை விடுங்க தம்பி. முதல்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்ப்போம்" என்று ஒரு நூலையும் மட்டப்பலகையையும் எடுத்தார். மூன்று மீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர் அளவுக்காவது பீலி குழாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும் என்றார். எங்கள் 12 மீட்டருக்கு 24 மில்லிமீட்டர். நூல் கட்டிப் பார்த்தால் நடுவில் பீலி ஒரு விரல் தொங்கியிருந்தது. பீலியைப் பலகையோடு பிடித்து நிறுத்தும் பிடிகள் இரண்டு கழன்று, அந்தத் தொங்கலில்தான் எப்போதும் தண்ணீர் நின்றிருக்கிறது. கொசுப்புழு இருந்த இடமும் அதுதான். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும், அங்கே தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது.

ஊறிய பலகையை மாற்றி, பிடிகளை 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அடித்து, சரிவைச் சரி செய்தார். கூரை ஓரத்தில், தண்ணீர் பின்னால் போகாமல் பீலிக்குள் சொட்ட வைக்கும் சொட்டுத் தகடு இல்லாமல் இருந்தது, அதையும் சொருகினார். பின்பக்கம் வழிவது இந்த வேலையோடு நின்றுபோனது. மூடி இன்னும் வாங்கவே இல்லை! தொங்கிய பீலியின் மேல் எவ்வளவு உயர்தரமான மூடியைப் போட்டாலும் உள்ளே தண்ணீர் நிற்கத்தான் போகிறது, அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாமல். சரிவு, பிடி, பலகை, குழாய் இந்த நான்கையும் பார்க்காமல் மூடி போடக் கூடாது என்று நான் இப்போது யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

பிறகுதான் சோதனை. மரத்துப் பக்கம் மூன்று மீட்டருக்குத் துளைபோட்ட அலுமினியத் தகடு, அடுத்த மூன்று மீட்டருக்கு எவர்சில்வர் நுண்வலை, மீதி திறந்தபடி. பெரியவரின் மகன்தான் ஏறிப் பொருத்தினார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நான்கு மாதம் விட்டுவைத்தோம். இலை உதிர்வும் பூக்காலமும் அதற்குள் முடிந்திருந்தன.

துளைத் தகட்டில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சிற்றிலைகளின் காம்புகள் துளைகளில் நட்டுக்குத்தலாகச் செருகிக்கொண்டு நின்றன, குண்டூசி மெத்தையில் ஊசி குத்தி வைத்த மாதிரி. கையால் தட்டினால் போகவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பீலிக்குள்ளும் பாதி ஆழத்துக்குப் பொடி இலை. பெரிய இலை விழும் வீட்டுக்கு இதே தகடு மலிவாகவும் நன்றாகவும் இருக்கும், பெரிய இலை துளையில் சிக்காது. எங்கள் மரத்துக்குச் சரியில்லை, அவ்வளவுதான். பைன் ஊசி விழும் இடத்துக்கும் இது வேண்டாம். ஊசி நேராகவே இறங்கிவிடும். பெரிய பாட்டில் பிரஷ் மாதிரி பீலிக்குள் படுக்க வைக்கும் தூரிகை வகையையும் நான் எடுக்காததற்குக் காரணம் இதுதான். முள்முள்ளாக இருக்கும் எதிலும் சிற்றிலை சிக்கும்.

நுண்வலையைக் கழற்றியபோது உள்ளே சாம்பல் போல ஒரு மெல்லிய படிவு மட்டும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் அளவு. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் அடுத்த மழையில் வேறொன்று தெரிந்தது. பூத்தூளும் புழுதியும் சேர்ந்து வலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பசை போலப் படிந்திருந்தன. வலையின் கண்கள் அடைபட்டு, தண்ணீர் கண்ணாடி மேல் ஓடுவது போல வலையின் மேலேயே ஓடி முன்னால் கொட்டியது. பீலி உள்ளே காலி, தண்ணீர் வெளியே! நீளக் கம்பில் கட்டிய மெத்தென்ற பிரஷால் கீழே நின்றபடியே நாலு இழு இழுத்து, ஹோஸால் தண்ணீர் அடித்தேன். உடனே பழையபடி வாங்கிக்கொண்டது. ஆக, நுண்வலைக்கும் வேலை உண்டு. ஆனால் அந்த வேலையைத் தரையில் நின்று செய்யலாம். எனக்குத் தேவைப்பட்டது அதுவே.

ஒன்றை அன்றே கவனித்தேன். வலையைச் சமமட்டமாகப் படுக்க வைத்த இடத்தில் இலை ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது. கூரையின் சரிவோடு ஒத்துப்போகும்படி முன்பக்கம் இறங்கிச் சாய்த்து வைத்த இடத்தில் இலை காய்ந்ததும் தானாக விழுந்தது. ஒரே வலை, ஒரே மரம், சாய்வு மட்டும்தான் வேறு. பொருத்துபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் முடிவு இப்படி ஆனது. மரத்துப் பக்கம் 12 மீட்டருக்கும் நுண்வலை. எதிர்ப்பக்கம் திறந்தபடியே, இறங்கு குழாயின் வாயில் மட்டும் பந்து போன்ற கம்பிக் கூடை. அந்தக் கூடை மிகச் சிறிய செலவு, குழாய்க்குள் இலை இறங்கி அதன் முழங்கை வளைவில் அடைப்பதைத் தடுக்கும். ஆனால் கூடையைச் சுற்றி இலை சேர்ந்து தண்ணீரையே மறிக்கவும் வாய்ப்பு உண்டு, எனவே பெருமழைக்குப் பிறகு ஒரு பார்வை பார்க்க வேண்டும். மாடி ஜன்னலிலிருந்து அந்தப் பக்கம் தெரிவதால் எங்களுக்கு அது சுலபம்.

வாங்கும்போது சில விஷயங்களில் பிடிவாதமாக இருந்தேன். வலை திருகில் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் ஒரு துண்டை மட்டும் கழற்றி உள்ளே பார்க்க முடிய வேண்டும். கழற்றவே முடியாதபடி ஒட்டிவிட்டால் நாளைக்கு உள்ளே அடைத்தால் மொத்தத்தையும் பிய்க்க வேண்டும். கூரையின் முதல் வரிசை ஓடுகளையோ தகட்டையோ தூக்கி அடியில் சொருகும் வகையை ஒதுக்கிவிட்டேன். தூக்கும்போது ஓடு உடையலாம், கூரைக்கு வாரண்டி இருந்தால் அதுவும் போகலாம். பிளாஸ்டிக் வலையைத் தொடவில்லை. வெயிலில் சில வருடத்தில் நொறுங்கும், காட்டுத்தீ அபாயம் உள்ள இடமானால் உருகி எரியவும் செய்யும், அங்கே உலோக வலைதான் சரி. பீலி செம்பானால் அலுமினியச் சட்டம் போட்ட வலை வேண்டாம், இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். முனைகளிலும் மூலைகளிலும் இடைவெளி விடாமல் மூடச் சொன்னேன். அந்த ஓட்டை வழியாகத்தான் குளவியும் எலியும் உள்ளே குடியேறும்.

மழைநீரைத் தொட்டியில் சேர்ப்பவர்களுக்கு வலையால் இன்னொரு நன்மை உண்டு. இலை பீலிக்குள் ஊறாததால் தண்ணீர் பழுப்பாவது குறையும். அதற்காக முதல் மழைத் தண்ணீரைத் தனியே வெளியேற்றும் ஏற்பாட்டை விட்டுவிடக் கூடாது. பறவை எச்சமும் தூசியும் வலையில் நிற்காது.

வலை போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வருடத்துக்கு நான்கு தடவை ஏணி என்று இருந்தது இப்போது ஒரு தடவை, அதுவும் ஆள் வைத்து, இரண்டு பக்கமும் சேர்த்து. இடையில் மூன்று தடவை நான் கீழிருந்து பிரஷ் போடுகிறேன், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். பணமாக மட்டும் பார்த்தால், சுத்தம் செய்யும் ஆளுக்குக் கொடுத்த கூலியை மிச்சம் பிடித்து வலைக்கான செலவு திரும்ப வர இன்னும் பல வருடம் ஆகும். வீடு முழுக்கப் போட்டிருந்தால் வந்தே இருக்காது என்று நினைக்கிறேன். அதனால் பக்கத்தில் மரமே இல்லாத ஒற்றை மாடி வீட்டுக்காரர் கேட்டால், வேண்டாம், கூடை போதும், வருடத்துக்கு இரண்டு தடவை பாருங்கள் என்பேன். இரண்டு மாடி உயரம், சிற்றிலை அல்லது ஊசியிலை மரம், வீட்டில் ஏறக்கூடிய ஆள் இல்லை, வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால், யோசிக்காமல் போடுங்கள் என்பேன். நடுவில் இருப்பவர்கள் ஒரு வருடம் வாளியை எண்ணுங்கள்.

ஏணி ஏறுகிறவர்களுக்கு, தயவுசெய்து. பீலியின் விளிம்பில் ஏணியைச் சாய்க்காதீர்கள். சுவரில் ஊன்றும்படி ஏணித் தலையில் மாட்டும் தாங்கி கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டுங்கள். நான்கு மீட்டர் உயரத்துக்கு ஏணியின் அடி சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டின் பக்கிள் ஏணியின் இரண்டு கால்களுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். அது வெளியே போகிறது என்றால் எட்டுகிறீர்கள் என்று அர்த்தம், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் ஏறவே வேண்டாம். வானம் இருட்டினால் மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் பெய்த மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். படுக்கையறைச் சுவர் காய்ந்திருக்கிறது, புதிதாக அடித்த பெயின்டில் குமிழ் இல்லை. ஆனால் மடிப்பு வந்து இறங்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் இன்னும் வலையைத் தாண்டுகிறது. அந்த இடத்தில் பீலியின் முன்விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்கு மூலைத் தகடு ஒன்றை நிறுத்தி, தண்ணீரைத் தடுத்து உள்ளே திருப்ப வேண்டும். பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை மகனை அனுப்புவதாகச் சொன்னார். ஏணியின் சாவி மனைவியிடம் இருக்கிறது.